என்எஸ்எஸ் கேம்ப்ப உணவு உரிமை கேம்ப்பா நடத்தணுமா? டெல்டா பக்கம் போற புது வாலண்டியர்களுக்கு

இந்த வருசம் எங்க காலேஜ் பசங்க கேம்ப் தீம் உணவு உரிமைன்னு எடுத்திருக்காங்க, ஆளாளுக்கு போன் போட்டு "அண்ணா என்ன பண்ணணும், எங்க ஆரம்பிக்கணும்"னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவை எழுதிடலாம்னு உக்காந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் போறவங்களுக்குத்தான் இது ரொம்ப பொருந்தும், மத்த ஊர்க்காரங்க உங்க பக்கத்துக்கு தகுந்த மாதிரி மாத்திக்கங்க.

என்எஸ்எஸ்னா, அதாவது நாட்டு நலப்பணித் திட்டம்னா என்னன்னு தெரியாம பேர் மட்டும் குடுத்துட்டு வந்தவங்களுக்கு ரெண்டு வரி. 1969ல காந்தி நூற்றாண்டு சமயத்துல 37 பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச திட்டம் இது. ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் சேவை பண்ணணும், அதுபோக தத்தெடுத்த கிராமத்துல ஏழு நாள் தங்கி சிறப்பு முகாம். அந்த ஏழு நாள்ல வழக்கமா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், கோயில் சுத்தம், மரக்கன்னு, பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம், கடைசி நாள் கலைநிகழ்ச்சி. தீம் உணவுன்னு வந்துட்டா உடனே எல்லாருக்கும் தோணுறது ஒண்ணுதான், காசு வசூல் பண்ணி அஞ்சு கிலோ அரிசி ஒரு கிலோ பருப்புன்னு பை போட்டு குடுத்து போட்டோ எடுக்கலாம்னு.

அது வேண்டாம். குடுக்குறது தப்புன்னு சொல்லல, வெள்ளம் புயல்னா கண்டிப்பா குடுங்க. ஆனா சாதாரண நாள்ல ஒரு கிராமத்துக்கு நீங்க கொண்டு போற அம்பது பை அரிசிய விட அந்த ஊர்ல சட்டப்படி வரவேண்டிய அரிசி, முட்டை, சத்துமாவு, நெல் காசு எல்லாம் பல மடங்கு அதிகம். அதுல எது யார்கிட்ட வந்து சேரல, எந்த இடத்துல நிக்குது, அத நகத்த எந்த பேப்பர் வேணும், இத கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

எப்ப போறது

பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி வாரம்தான் என் ஓட்டு. காரணம் ரெண்டு. சம்பா அறுவடை அப்பதான் தொடங்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையமெல்லாம் திறந்து ஓடிட்டு இருக்கும், ஊர்ல ஆள் நடமாட்டம் இருக்கும். ரெண்டாவது ஜனவரி 26 கிராம சபை. வருசத்துக்கு ஆறு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல ஒண்ணு உங்க ஏழு நாளுக்குள்ள, அதுவும் பின்பாதியில வர்ற மாதிரி தேதி வச்சீங்கன்னா நீங்க தெருத்தெருவா போய் கேட்டதெல்லாம் ஊர்க்காரங்களே சபையில எழுப்புறதுக்கு ஒரு இடம் கெடைக்கும். ஜனவரி 22 தொடங்கி 28 முடிச்சா சரியா இருக்கும்.

ஐப்பசி கார்த்திகையில போகாதீங்க, அடைமழை, தங்குற பள்ளிக்கூடமே நிவாரண முகாமா மாறிடும். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, கூலி வேலைக்கு போற வீட்ல உண்மையான இழுபறி மாசம் அதுதான், நடவு முடிஞ்சு அறுப்பு வர்ற வரைக்கும் வேலை கெடையாது. அதனால ஜனவரில போய் "சாப்பாட்டுக்கு கஷ்டமா"ன்னு கேட்டா "இல்லையே தம்பி"ன்னுதான் வரும். "தீபாவளிக்கு அப்புறம் மழையில எப்படி ஓட்டுனீங்க, யார்கிட்ட கடன் வாங்குனீங்க"ன்னு கேளுங்க, பேச்சு வேற மாதிரி போகும்.

எங்க தங்குறது

இத யாரும் யோசிக்கிறதில்ல, ஆனா கேம்ப்போட தலையெழுத்தே இங்கதான் முடிவாகுது. டெல்டா கிராமத்துல குடியானத்தெரு ஒரு பக்கம், காலனின்னு சொல்ற தலித் குடியிருப்பு ஒரு பக்கம், நடுவுல வாய்க்காலோ வயலோ இருக்கும். கேம்ப் வழக்கமா குடியானத்தெரு பள்ளிக்கூடத்துலயோ கோயில் மண்டபத்துலயோ போடுவாங்க, தொடக்க விழாவுக்கு ஊர்ப் பெரியவங்க மாலை போட்டுக்குவாங்க, காலனிக்காரங்க ஒருத்தர் கூட எட்டிப் பாக்க மாட்டாங்க. நீங்க ஏழு நாள் இருந்தாலும் பாதி ஊரத்தான் பாத்திருப்பீங்க, அதுவும் அரிசி பிரச்சனை கம்மியா இருக்குற பாதி.

காலனில சமுதாயக்கூடம் இருந்தா அங்க தங்க கேளுங்க. இல்லன்னா ரெண்டு தெருவுக்கும் பொதுவான இடம். "அங்க வசதி இருக்காது சார்"னு யாராவது சொன்னா எந்த வசதின்னு கேட்டு, தண்ணியும் கழிப்பறையும் இருந்தா போதும்னு உங்க காலேஜ் என்எஸ்எஸ் திட்ட அலுவலர் கிட்ட நீங்களே பேசுங்க. பொண்ணுங்க தங்குற எடத்துக்கு தாழ்ப்பாள், லைட், கூட ஒரு பேராசிரியை, இதுல மட்டும் எந்த சமரசமும் வேண்டாம்.

போறதுக்கு முன்னாடி லெட்டர்

ஒரு மாசம் முன்னாடியே குடுக்கணும். ஊராட்சித் தலைவர் இல்லன்னா ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர், போலீஸ் ஸ்டேஷன், ஆரம்ப சுகாதார நிலையம். பள்ளிக்கூடத்துல தங்குனா கல்வித்துறை அனுமதி. அங்கன்வாடிக்குள்ள போறதுன்னா குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் கிட்ட தனியா எழுதி வாங்குங்க. ரேஷன் கடை, கொள்முதல் நிலையம் பாக்கப் போறோம்னு வட்ட வழங்கல் அலுவலர் கிட்ட சொல்லிடுங்க. சொல்லாம போனா கடைக்காரரு "யாரு நீங்க, விஜிலன்ஸா"ன்னு பதறுவாரு, அதுக்கப்புறம் ஒண்ணும் பேச மாட்டாரு.

என்ன படிச்சுட்டு போகணும்

நாலு மணி நேரம் ஒதுக்குனா போதும், ஆனா ஒதுக்குங்க. 2001ல பியூசிஎல்ங்கற மனித உரிமை அமைப்பு சுப்ரீம் கோர்ட்ல ஒரு வழக்கு போட்டுச்சு, அரசு குடோன்ல தானியம் மலையா குவிஞ்சு கெடக்க ராஜஸ்தான்ல வறட்சில ஜனங்க பட்டினி கெடந்தாங்க, அதான் காரணம். அந்த வருசம் நவம்பர் 28ல வந்த உத்தரவுதான் ரேஷன், அங்கன்வாடி, மதிய உணவு இதெல்லாம் அரசாங்கம் இரக்கப்பட்டு குடுக்குறது இல்ல, கேட்டு வாங்குற உரிமைன்னு ஆக்குச்சு. 2013ல தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, தமிழ்நாடு அதுல சேந்தது 2016 நவம்பர்ல. நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் ரேஷன்னு இருந்துச்சு, 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம். மதிய உணவுல நம்ம வரலாறு இன்னும் பழசு, காமராசர் காலம், அப்புறம் 1982 ஜூலை 1ல எம்ஜிஆர் பாப்பாக்குறிச்சில தொடங்குன சத்துணவு, 1989ல முட்டை, 2022 செப்டம்பர்ல காலை உணவு.

இவ்வளவு இருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு கீழ நூத்துக்கு 25 குழந்தைங்க வயசுக்கேத்த உயரம் இல்ல, 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்த சோகை. வயிறு நெறையுது, தட்டுல அரிசிய தவிர பெருசா ஒண்ணும் இல்ல. நீங்க தேடப் போறது பட்டினி இல்ல, இதத்தான்.

கார்டு வகைய மனப்பாடம் பண்ணிக்கங்க, ஸ்மார்ட் கார்டுலயே எழுத்து இருக்கும். பி.எச்.எச்னா முன்னுரிமை குடும்பம், கூடவே ஏ.ஏ.ஒய்னு இருந்தா அந்தியோதயா, மாசம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச் முன்னுரிமை இல்லாதது, ஆனா அரிசி உண்டு. எஸ்னு முடிஞ்சா சர்க்கரை கார்டு, என்.சினு முடிஞ்சா எந்த பொருளும் கெடையாது, அடையாளத்துக்கு மட்டும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தனியா இருக்குற விதவைப் பாட்டிக்கு சாதா கார்டும், மாடி வீட்டுக்கு முன்னுரிமை கார்டும் இருக்குறத நீங்களே பாப்பீங்க. அதிர்ச்சி ஆகாதீங்க, குறிச்சுக்கங்க.

கேம்ப் அடுப்படி

உணவு நீதின்னு பேனர் கட்டிட்டு பொண்ணுங்க மட்டும் வெங்காயம் உரிச்சா நல்லா இருக்காது. சமையல் டீம் தினமும் மாறணும், பசங்க கட்டாயம். அம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஏழு ஏழரை கிலோ அரிசி ஆகும், சாம்பாருக்கு ரெண்டு கிலோ பருப்பு, முதல் நாள் பசி அதிகமா இருக்கும் அப்புறம் தானா கொறையும். காய்கறி, மளிகை, முடிஞ்ச வரைக்கும் அந்த ஊர் கடையிலயே வாங்குங்க. சமையலுக்கு ஊர்ல ஒரு அக்காவ கூலிக்கு வைக்கிறதா இருந்தா காலனில இருந்து வைங்க, இத பேச்சுவாக்குல சொல்லல. 2004ல சுப்ரீம் கோர்ட்டே மதிய உணவு சமையல் வேலைக்கு தலித்துகளுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு, அதுக்கப்புறமும் 2018ல திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்துல அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்தையே மறிச்சாங்க. உங்க பந்தியில யார் சமைச்சத யார் சாப்புடுறாங்கன்னு ஊர் கவனிக்கும். எல்லாரும் வரிசையா உக்காந்து ஒண்ணா சாப்பிடுங்க, ஊர்க்காரங்க யார் வந்தாலும் அதே வரிசை. வர மாட்டேன்னு சொல்றவங்கள இழுக்க வேண்டாம், ஆனா தனி வரிசை கெடையாது.

(பாரம்பரிய அரிசி, மாப்பிள்ளை சம்பா கஞ்சின்னு ஒரு நாள் வைக்க ஆசைப்படுவீங்க. வைங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 174 நெல் ரகத்த மீட்டெடுத்த பூமி அது, பாக்கவும் போலாம். ஆனா அதையே கேம்ப்பா ஆக்கிடாதீங்க, அந்த அரிசிய வெதைச்சு அறுக்குற வீட்ல பொங்குறது பெரும்பாலும் ரேஷன் அரிசிதான்.)

வீட்டு வீடா போறது

ரெண்டு ரெண்டு பேரா, ஒரு பையன் ஒரு பொண்ணுன்னா நல்லது. காலைல ஒம்போது மணிக்கு போனா வீட்ல ஆள் இருக்காது, வயலுக்கு போயிருப்பாங்க. சாயங்காலம் நாலரைக்கு மேல, அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி. பேப்பர் படிவத்த மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, திண்ணையில உக்காந்து பேசிட்டு வந்து அப்புறம் எழுதுங்க, கார்டு நம்பர் மாதிரி விசயம் மட்டும் அங்கயே.

"உங்க வீட்ல பசி இருக்கா"ன்னு கேக்காதீங்க, யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, சொல்லவும் தேவையில்ல. இப்படி கேளுங்க: "நேத்து ராத்திரி என்ன குழம்பு பெரியம்மா?" அதுலயே எல்லாம் வந்துடும். "என்னத்த குழம்பு, மோர் ஊத்தி ஊறுகா"ன்னு வரும். அப்புறம் முட்டை எப்ப சாப்டீங்க, கீரை எப்ப, பருப்பு இந்த மாசம் கடையில போட்டாங்களா, வீட்ல கடைசியா யார் சாப்புடுவா. கடைசி கேள்விக்கு பதில் எல்லா தெருவுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கார்ட வாங்கி பாத்தா கவனிக்க வேண்டியது இவ்வளவு: வீட்ல எத்தன பேர், கார்டுல எத்தன பேர். புதுசா கல்யாணம் ஆகி வந்த மருமக பேரு இன்னும் அம்மா வீட்டு கார்டுல இருக்கும், அங்க நீக்காம இங்க சேக்க முடியாது. பொறந்த குழந்தை பேர் சேத்திருக்க மாட்டாங்க. மகன்கூட ஒரே கார்டுல இருக்குற பாட்டி தனியா பொங்கித் தின்னுட்டு இருக்கும், அதுக்கு தனி கார்டு வேணும்னா தனி அடுப்பு இருக்கான்னு அதிகாரி வந்து பாப்பாரு. கார்டுல பதிஞ்ச போன் நம்பர் யாரோடது, இத மறக்காம கேளுங்க. கடையில பில் போட்டா அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போகும். வாங்காத பருப்புக்கு வாங்குன மாதிரி மெசேஜ் வருதுங்கற புகார் தமிழ்நாடு முழுக்க உண்டு, நம்பரே திருப்பூர்ல வேலை பாக்குற மகனோடதா இருந்தா அந்த வீட்டுக்கு அது தெரியவே போறதில்ல.

போட்டோ எடுக்காதீங்க. குழந்தைய எடுக்கவே எடுக்காதீங்க. ஆதார் அட்டைய போன்ல படம் புடிச்சு குரூப்ல போடுறது எல்லாத்தையும் விட மோசம்.

ரேஷன் கடை

ஒரு நாள் முழுக்க ஒரு டீம் கடை வாசல்ல உக்காரணும். சும்மா உக்காருங்க, வரிசைய பாருங்க. நாத்து புடுங்கி களை எடுத்தே தேஞ்ச விரல் அது, மெஷின்ல வைக்கிறாங்க, ஏத்துக்கல, புடவையில தொடச்சுட்டு மறுபடி வைக்கிறாங்க, அடுத்த விரல், அப்புறம் அடுத்த கை, பின்னாடி வரிசை முணுமுணுக்குது, "ஆயா நாளைக்கு வா"ன்னு ஒரு குரல். நாளைக்கு வந்தா ஒரு நாள் கூலி போச்சு. 2020 அக்டோபர்ல இருந்து கைரேகைதான், அதோட எந்த மாநிலத்து முன்னுரிமை, அந்தியோதயா கார்டு வச்சிருந்தாலும் எந்த கடையிலயும் வாங்கலாம்னும் ஆச்சு, பீகார்ல இருந்து நடவுக்கு வர்ற ஆளுங்களுக்கு அது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க, அவங்களும் இந்த ஊர்ல பசிக்கிற ஆளுங்கதான்.

கைரேகை விழாதவங்களுக்கு வழி இருக்கு. முடியாதவங்க சார்புல வேற ஆள் வாங்க அங்கீகாரப் படிவம் கடையில குடுக்கலாம், ஆதார் மையத்துல போய் ரேகைய புதுப்பிக்கலாம், 2025 ஆகஸ்ட்ல இருந்து தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருது. யார் பேர் அந்த லிஸ்ட்ல இருக்கு, யார் பேர் இல்லன்னு பாத்தீங்கன்னாலே பாதி நாள் வேலை.

விற்பனையாளர விரோதி மாதிரி பாக்காதீங்க. நெறைய பேரு ரெண்டு கடைய ஒரே ஆளா பாக்குறாங்க, குடோன்ல இருந்து மூட்டை எடை கொறஞ்சு வந்தா அவங்க தலையிலதான் விழும். அவங்க பக்கத்தையும் எழுதிக்கங்க. கடை போர்டுல இருப்பு எழுதியிருக்கா, எடை தட்டு எல்லாருக்கும் தெரியுற மாதிரி திரும்பி இருக்கா, பில் கையில குடுக்குறாங்களா, இது மூணும் போதும்.

அரிசிய பத்தி ஒரு விசயம். ரேஷன்ல செறிவூட்டப்பட்ட அரிசி வந்தா, அதுல நூறு அரிசிக்கு ஒண்ணுங்கற கணக்குல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து செஞ்ச மணி கலந்திருக்கும். அது கொஞ்சம் நிறம் மாறி தெரியும், சிலது தண்ணில மெதக்கும், "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பொறுக்கி கீழ போடுறவங்க இன்னும் இருக்காங்க. கெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன் படிக்கிற யாராவது டீம்ல இருந்தா ஒரு கைப்பிடி அரிசிய முறத்துல கொட்டி காட்டி பேசலாம், தலசீமியா மாதிரி ரத்த நோய் உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்னும் சேத்தே சொல்லிடுங்க.

அங்கன்வாடி, பள்ளிக்கூடம்

இங்க கம்மியா சொல்றேன். அங்கன்வாடி அக்காவுக்கு ஏற்கனவே பதிவேடு, போன் ஆப்னு தலைக்கு மேல வேலை, நீங்களும் போய் ஆய்வு பண்ற அதிகாரி மாதிரி நிக்காதீங்க. காலைல போய் பாய் விரிச்சு குடுங்க, எடை பாக்க உதவுங்க, வளர்ச்சி அட்டைய அம்மாவுக்கு புரியுற மாதிரி சொல்ல உதவுங்க. சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கு போனதும் என்ன ஆகுதுன்னு வீட்டு டீம்கிட்ட கேட்டுக்கங்க, பல வீட்ல அது மாட்டுக்கு போகுது, காரணம் எப்படி செய்றதுன்னு தெரியல இல்ல குழந்தைக்கு ருசி புடிக்கல. வெல்லம் போட்டு கொழுக்கட்டை, அடைன்னு ஒரு சாயங்காலம் காலனில செஞ்சு காட்டுனா நாலு சொற்பொழிவ விட மேல். பள்ளிக்கூடத்துல காலை உணவ மகளிர் குழு அக்காங்க விடியக்காத்தால வந்து சமைக்கிறாங்க, ஒரு நாள் அவங்ககூட இருந்து பாருங்க.

நெல் கொள்முதல் நிலையம்

சாப்புடுறவங்கள மட்டும் பாத்துட்டு வெளைய வைக்கிறவங்கள விட்டா கேம்ப் பாதிதான். சாலையோரத்துல நெல்ல கொட்டி தார்ப்பாய் மூடி வச்சுட்டு பக்கத்துலயே ஒருத்தர் படுத்திருந்தா அங்க கொள்முதல் நிலையம் இருக்குன்னு அர்த்தம். நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, மழை பெஞ்ச வருசம் மத்திய குழு வந்து பாத்துட்டு கொஞ்சம் தளத்துவாங்க. மெஷின்ல ஒரு கைப்பிடி நெல்லப் போட்டு நம்பர் வர்ற வரைக்கும் அந்த விவசாயி முகத்த பாருங்க. 18.5னு வந்துச்சுன்னா திரும்ப கொட்டி காய வைக்கணும், ராத்திரி பனி, மறுநாள் மறுபடி வரிசை.

2025 செப்டம்பர்ல தொடங்குன சீசன்ல குவிண்டாலுக்கு சாதா ரகம் 2500 ரூபாய், சன்ன ரகம் 2545. ஒரு மூட்டை 40 கிலோ, அப்ப மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். இதுல மூட்டைக்கு இவ்வளவுன்னு லஞ்சம் குடுக்கணும்னு விவசாயிங்க சொல்றத டெல்டா முழுக்க கேக்கலாம், நீங்களும் கேப்பீங்க. அங்கயே சண்டைக்கு போகாதீங்க, நீங்க பஸ் ஏறிடுவீங்க, அவரு நெல்லு அங்கயேதான் கெடக்கும். எத்தன நாள் காத்திருந்தாரு, எத்தன மூட்டை, காசு வங்கிக்கு எப்ப வந்துச்சு, இத எழுதுங்க.

அப்புறம் குத்தகைக்காரங்க. நெல்லு விக்க, நெலம் யாரோடது அதுல என்ன பயிர்னு காட்டுற சிட்டா, அடங்கல் வேணும், நெலம் கோயிலோடதோ வெளியூர் ஆளோடதோ இருந்தா கிராம நிர்வாக அலுவலர் சாகுபடி சான்று குடுத்தாத்தான் உண்டு. நெலத்துக்காரர் "பேப்பர்ல உன் பேர் வேண்டாம்"னு சொல்லிட்டா வியாபாரிக்கு கொறஞ்ச வெலைக்குத்தான் விக்கணும். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லயே வந்தாச்சு, ஆனா எத்தன பேருக்கு பதிவு இருக்குன்னு ஊர்ல கேட்டுப் பாருங்க.

அறுப்பு மெஷின் வந்தப்புறம் பொம்பளைங்களுக்கு அறுப்பு வேலை எவ்வளவு போச்சுன்னும் கேளுங்க, முன்னெல்லாம் கூலியா நெல்லு வீட்டுக்கு வரும், வருசச் சாப்பாட்டுல ஒரு பங்கு அதுதான்.

கீழ்வெண்மணிக்கு ஒரு அரை நாள்

நாகப்பட்டினம் மாவட்டத்துல கேம்ப்னா போய் வாங்க, பக்கத்து மாவட்டம்னாலும் போலாம். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலியா கொஞ்சம் நெல்லு கூடக் கேட்டு செங்கொடி புடிச்ச விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள்ல 44 பேர ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும், எல்லாரும் தலித்துகள். அடுத்த வருசம் 1969ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. இந்த மாவட்டத்துலதான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஜெகந்நாதனும் 1981ல லாஃப்டிங்கற அமைப்ப தொடங்கி நெலமில்லாத பொம்பளைங்க பேருக்கு நெலம் வாங்கிக் குடுத்தாங்க. படி நெல்லுக்காக என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு அப்புறம் போய் நூறு நாள் வேலைக் கூலி, நடவுக் கூலின்னு கேட்டீங்கன்னா நீங்க கேக்குற விதமே மாறும். அங்க நின்னு செல்ஃபி வேண்டாம், சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிடுறேன்.

கிராம சபையும் மனுவும்

25ந் தேதி ராத்திரி எல்லா டீமும் உக்காந்து சேத்ததெல்லாம் ஒரு சார்ட்ல எழுதுங்க. வீட்டு வாரியா இல்ல, பிரச்சனை வாரியா: கைரேகை விழாதவங்க, பேர் சேக்காத குழந்தைங்க, தனிக் கார்டு வேண்டியவங்க, போன் நம்பர் மாறுனவங்க, சாகுபடி சான்று இல்லாதவங்க. பேர் எதுவும் சார்ட்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். அத சம்பந்தப்பட்டவங்ககிட்டயே காட்டி "நாளைக்கு சபையில யார் பேசுவீங்க"ன்னு கேளுங்க.

கிராம சபையில நீங்க பேசக் கூடாது. நீங்க அந்த ஊர் வாக்காளர் இல்ல. பின்னாடி நில்லுங்க, தண்ணி குடுங்க, தீர்மானப் பதிவேட்டுல சொன்னது எழுதப்பட்டுச்சான்னு மட்டும் பேசுனவங்கள பாக்கச் சொல்லுங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல சமூகத் தணிக்கைன்னு ஒரு பிரிவே இருக்கு, கண்காணிப்புக் குழுவும் இருக்கு, நம்ம ஊர்ல அதுல யாரெல்லாம் இருக்காங்கன்னு ஒரு ஆள் எழுந்து கேட்டாலே சபை நிமிர்ந்து உக்காரும்.

மீதி ரெண்டு நாள் முழுக்க பேப்பர் வேலை, இதுல ஸ்டைல் எதுவும் கெடையாது. பேர் சேக்குறது, நீக்குறது, முகவரி மாத்துறது இ-சேவை மையத்துல பதியலாம். ரேஷன் புகாருக்கு 1967 இல்லன்னா 1800 425 5901. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவுல பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். எந்த மனு குடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காம நகராதீங்க. "ரசீதெல்லாம் எதுக்கு, நாங்க பாத்துக்குறோம்"னு சொல்லுவாங்க, சிரிச்சுக்கிட்டே நில்லுங்க, குடுத்துடுவாங்க. மனு எழுதத் தெரியாதவங்களுக்கு நீங்க எழுதலாம், ஆனா வாசிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க, மனுவோட நகல் அவங்க வீட்ல இருக்கணும், உங்க காலேஜ் பீரோல இல்ல. ரெண்டு மாசம் ஆகியும் பதில் இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி அந்த மனு என்ன ஆச்சுன்னு கேக்கலாம்.

திரும்பி வந்தப்புறம்

கேம்ப் முடிஞ்சு பஸ் ஏறுனதும் எல்லாம் மறந்துடுறதுதான் வழக்கம், செமஸ்டர், இன்டர்னல், ஆளுக்கொரு பக்கம். அதனால கெளம்பும்போதே மூணு பேர நியமிச்சுடுங்க, அந்த ஊருக்கு பக்கத்துல வீடு இருக்குறவங்களா, அதுல ஒருத்தராவது ஃபர்ஸ்ட் இயர். மனு நம்பர் எல்லாம் ஒரு நோட்டுல, அது அவங்க கையில. மாசத்துக்கு ஒருக்கா போன், செமஸ்டர் லீவுல ஒரு தடவை நேர்ல. எது முடிஞ்சுது எது முடியலன்னு நோட்டுலயே எழுதணும், முடியலன்னு எழுத கூச்சப்பட வேண்டாம், சான்று, தனிக் கார்டு மாதிரி விசயம் ஏழு நாள்ல முடியாது.

காலேஜுக்கு குடுக்குற அறிக்கை போட்டோ நெறஞ்ச கலர் புக்கா இருந்துட்டு போகட்டும், அது அவங்க ஆசை. ஆனா ஊருக்குன்னு தமிழ்ல ரெண்டு பக்கம் தனியா அடிங்க, பெரிய எழுத்துல, எந்த பிரச்சனைக்கு எந்த ஆபீஸ், என்ன பேப்பர், எந்த நாள்னு மட்டும். ஊராட்சி ஆபீஸ், ரேஷன் கடை, காலனி டீக்கடை மூணு எடத்துலயும் ஒட்டுங்க. டீக்கடையில ஒட்டுனதுதான் படிப்பாங்க. நோட்ட அடுத்த பேட்ச் கைக்கு குடுக்கும்போது பழைய மூணு பேர்ல ஒருத்தர் கூடப் போய் அந்த வீடுகள்ல அறிமுகப்படுத்தி வச்சுட்டு வரணும், அடுத்த வருசமும் அதே ஊர்தான்னு திட்ட அலுவலர்கிட்ட இப்பவே பேசி வச்சுடுங்க.